கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறிவதற்கு முன்

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவு இரண்டு ஆண்டு படித்து முடித்த கையோடு ஒரு சர்க்கரை ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரமே, ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு தண்ணீர் பம்ப்பில், ஷாஃப்ட் என்னும் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றும் வேலை கிடைத்தது. புதிய 6308 பேரிங்கை ஷாஃப்ட்டில் வைத்து, கையில் கிடைத்த குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் அடித்து ஏற்றினேன். குழாய் கொஞ்சம் அகலம். அது பேரிங்கின் வெளி வளையத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. பம்ப் ஓடியது. மூன்றே வாரத்தில் உறுமத் தொடங்கியது.

மறுபடி கழற்றிய பேரிங்கைக் கழிவுத் தொட்டியில் போடப் போனேன். "தம்பி, அதை இப்படிக் கொண்டு வா" என்றார் மூத்த ஃபிட்டர். மண்ணெண்ணெயில் கழுவினார். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டின் ரிவெட்டுகளை உளியால் வெட்டி எடுத்தார். குண்டுகளை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, உள் வளையத்தை எதிர்ப்பக்கம் தள்ளினார். பேரிங் இரண்டாகப் பிரிந்து வந்தது. குண்டு ஓடும் பள்ளத்தை வெயிலில் திருப்பிக் காட்டி, "நகத்தால் தடவிப் பார்" என்றார்.

நகம் தட்டித் தட்டிச் சென்றது. பள்ளத்தின் ஓரமாக, சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். சில குழிகளின் விளிம்பில் உலோகம் செதிலாகப் பெயர்ந்திருந்தது. "எண்ணு" என்றார். எட்டு. குண்டுகளும் எட்டு. "ஓடித் தேய்ந்திருந்தால் பள்ளம் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். குண்டுக்கு ஒரு குழி என்றால், நின்றுகொண்டிருந்தபோது அடி வாங்கியிருக்கிறது." அடித்தவன் நான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பைக் கற்க வரும் தம்பி தங்கைகளிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒரு பழக்கத்தைத்தான். புதிய பாகத்தைப் பொருத்தும் முன் பழையதைப் படியுங்கள். பள்ளத்தில் துணி துவைக்கும் கல்லைப் போல வரி வரியாக இருந்தால் மோட்டாரின் மின்சாரம் பேரிங் வழியாகக் கசிந்திருக்கிறது. வளையம் நீலம் பாய்ந்திருந்தால் கடும் சூடு. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் தூசியோ மணலோ உள்ளே போயிருக்கலாம். பல மாதம் ஓடாமல் நின்ற பம்ப்பில் குண்டு இடைவெளிக்குத் தடம் விழுந்திருந்தால், பக்கத்து இயந்திரத்தின் அதிர்வு அதைத் தின்றிருக்கிறது. அதனால்தான் நிறுத்திவைத்த பம்ப்பின் ஷாஃப்ட்டை அவ்வப்போது கையால் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம், தேர்விலும் கேட்கிறார்கள். 6308 என்பதன் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் 40. அதுதான் ஷாஃப்ட்டின் விட்டம், மில்லிமீட்டரில். 04இலிருந்து இந்தக் கணக்கு பொருந்தும். 00, 01, 02, 03 ஆகியவற்றுக்கு முறையே 10, 12, 15, 17 மி.மீ. என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணின் பின்னால் 'இசட்இசட்' என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் சீல். 'சி3' என்றால் உள் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல். சி3 இருந்த இடத்தில் சாதாரண பேரிங்கைப் போட்டால் அளவு சரியாகத்தான் உட்காரும். மோட்டார் சூடேறியதும் இடைவெளி போதாமல் இறுகும். கடைக்குப் போகும்போது எண்ணைப் பின்னொட்டோடு சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

பொருத்தும் விதி ஒரே வரிதான்: எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ, அந்த வளையத்தைத்தான் தள்ள வேண்டும். விசை குண்டுகள் வழியாகப் போகவே கூடாது. இரண்டாம் முறை நாங்கள் இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினோம். 30 டிகிரியிலிருந்து 110 வரை ஏறும்போது 40 மி.மீ. துளை ஏறத்தாழ 0.04 மி.மீ. விரியும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனாலும் கையுறை போட்ட கையால் வைத்ததும் பேரிங் தானாக வழுக்கிக்கொண்டு ஷாஃப்ட்டின் தோள் வரை, அதாவது தண்டு தடிக்கும் படி வரை, போய் உட்கார்ந்தது. சுத்தியலை எடுக்கவே இல்லை. எரிவாயுச் சுடரை நேரே காட்டிச் சூடேற்றுவதை எங்காவது பார்த்தால் கற்றுக்கொள்ளாதீர்கள்.

படிப்புக்கு வருகிறேன். ஃபிட்டர் பிரிவின் இரண்டாம் ஆண்டில் பேரிங், கப்ளிங், பெல்ட், கியர், உயவு, ஹைட்ராலிக், நியூமேடிக் எல்லாம் வருகின்றன. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் வெளியிடும் ஐடிஐ நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. எழுத்துத் தேர்வு கணினி வழியில், கொள்குறி வகையில் நடப்பதால் பலர் வினா வங்கியை மட்டும் உருப்போடுகிறார்கள். தேர்ச்சி பெறலாம். ஆனால் வேலையில் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. அன்று எந்தப் பாகத்தைத் தொட்டேனோ, அந்தப் பாடத்தை அன்றிரவே படித்தேன். கை கண்ட பிறகு படித்தது இன்றுவரை மறக்கவில்லை.

வினா வங்கியில் நான் முதலில் தவறவிட்ட கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஷாஃப்ட்டுகளின் மையம் 0.10 மி.மீ. விலகியிருந்தால் அவற்றை இணைக்கும் கப்ளிங்கின் சுற்றுப்பரப்பில் வைத்த டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு மாறும்? 0.10 என்று எழுதினேன். விடை 0.20. மேலே ஒரு பங்கு கூடும், கீழே ஒரு பங்கு குறையும். கேஜ் இரண்டையும் சேர்த்துக் காட்டும். பாதியாக்க மறந்து, உயரத்தைச் சரிசெய்ய மோட்டாரின் காலுக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகட்டை வைத்தால் விலகல் அப்படியே மறுபக்கம் போய்விடும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது மோட்டாரின் நான்கு கால்கள். முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும். எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டு, ஒரு காலின் மேல் டயல் கேஜை வைத்து, அந்த போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அந்தக் காலுக்கு அடியில் இடைவெளி இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் பார்ப்பது, அதாவது இரு ஷாஃப்ட்டுகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது, வீண் வேலை.

பம்ப் ஷாஃப்ட்டைச் சுற்றித் திணிக்கும் கயிறு போன்ற அடைப்புதான் கிளாண்ட் பேக்கிங். அது சொட்டக் கண்டால் புதியவர்கள் ஸ்பேனரோடு ஓடுவார்கள். அது சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. முழுக்க நிற்கும்வரை இறுக்கினால் பேக்கிங் கருகி, ஷாஃப்ட் ஸ்லீவில் பள்ளம் விழும். மெக்கானிக்கல் சீல் வேறு ரகம். அது சொட்டக் கூடாது. கிரீஸிலும் அளவு மீறக் கூடாது: அதிகம் அடித்தால் பேரிங் சூடேறும். ஒரு ரகத்தோடு இன்னொன்றைக் கலந்தால் இரண்டுமே கெட்டு நீர்த்துப் போகக்கூடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, இயந்திர எண், என்ன சத்தம் அல்லது சூடு இருந்தது, திறந்ததும் என்ன கண்டீர்கள், என்ன அளந்தீர்கள், காரணம் என்ன. காரணம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். 'தேய்மானம்' என்று மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள். எதனால் தேய்ந்தது என்பதுதான் கேள்வி. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் போக்கைக் காட்டின. 68 சதவீதம் பொருத்திய தொடக்கத்திலேயே அதிகம் பழுதாகும் வகையில் இருந்தன. அதைப் படித்தபோது என் எட்டுக் குழிகள்தான் நினைவுக்கு வந்தன. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் காரணமில்லாமல் திறக்கக் கூடாது என்று அந்த மூத்த ஃபிட்டர் சொல்வதும் அதனால்தான்.

கடைசியாகச் சொன்னாலும், முதலில் கற்க வேண்டியது பூட்டு: வேலை நடக்கும்போது யாரும் இயந்திரத்தை ஓட்டிவிடாமல் தடுப்பது. வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, குழாயின் வாயை வெற்று ஃபிளாஞ்சால் (துளையில்லாத மூடித் தகட்டால்) மூடியிருந்தார்கள். வேலை மாலைக்குள் முடியவில்லை. இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோனது. வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிப்டுக்குச் சேராததால் இந்தப் பம்ப்பை ஓட்டினார்கள். மூடிய ஃபிளாஞ்சின் வழியே வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். பம்ப்புக்கு ஒரு அனுமதிச் சீட்டு, வால்வுக்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு இடங்களில் இருந்தன. இதைப் படித்த நாள் முதல், ஷிப்ட் மாறும்போது நான் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அடுத்தவரை இயந்திரத்தின் அருகே அழைத்துச் சென்று, கழற்றிய இடத்தைத் தொட்டுக் காட்டுகிறேன்.

மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தவறான மோட்டாரைப் பூட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். "பூட்டியாயிற்று, கை வை" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவர் சொன்னாலும், உங்கள் பூட்டு விழும்வரை கையை வைக்காதீர்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அப்ரண்டிஸாகச் சேர இடம் தேடுகிறவர்கள், சர்க்கரை ஆலை கிடைத்தால் அரவை முடிந்ததும் சேரப் பாருங்கள். அரவை நடக்கும் மாதங்களில் எல்லாம் மூடிக்கிடந்து ஓடும். சத்தத்தை மட்டும்தான் கேட்கலாம். அரவை நின்ற பிறகு கரும்பு பிழியும் உருளை முதல் சாறு பம்ப் வரை ஒவ்வொன்றாகத் திறந்து தரையில் பரப்பி வைப்பார்கள். ஒரு வெர்னியர், ஒரு ஃபீலர் கேஜ், அந்த நோட்டுப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் இரும்பில் கை வைக்க முடியாது.