தராசும் தஸ்பீஹும்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்க்கிழமை

செவ்வாய் என்றால் மேலப்பாளையத்தில் கால்நடைச் சந்தை. சந்தைக்கு வந்தவர்கள் திரும்பும் வழியில் சாமான் வாங்கிப் போவதால், என் மளிகைக்கடையில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கும் நடுவே உட்கார நேரமிருக்காது. அந்த நெரிசலிலும் விடாமல் திக்ர் (இறைநினைவுத் துதி) செய்தேன் என்று எழுதிவைக்கவே இன்று நோட்டை எடுத்தேன். மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்த, தஸ்பீஹ் என்னும் துதிகளை எண்ணும் கருவி என் வலது ஆள்காட்டி விரலில் மோதிரம்போல் கிடக்கிறது. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் ஏறும். அஸருக்குப் பாங்கு சொன்னபோது அதில் 1,140 என்று இருந்தது. மனத்துக்கு நிறைவாகவும், உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்த 1,140-இல் ஒன்றையாவது யாருக்கு எதை நிறுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன் என்று இரவில் யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

6 பிப்ரவரி, வியாழக்கிழமை

எதிர்த் தெருவில் பீடி சுற்றும் மாமி காலையிலேயே ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, அரைக்கிலோ உளுந்து வாங்கினா இந்த டப்பாவுல கழுத்து வரைக்கும் வரும். செவ்வாக்கிழமை வாங்கினது இடுப்போட நின்னுட்டுதே" என்றார். சண்டைக்கு வந்த குரல் இல்லை. கணக்குக் கேட்கும் குரல். டப்பாவிலிருந்ததைத் தராசில் கொட்டிப் பார்த்தேன். 320 கிராம் காட்டியது. அதில் ஒரு மணியையும் அவர் இன்னும் ஊறப்போடவில்லை.

காரணத்தைத் தேட வெகுநேரம் ஆகவில்லை. பருப்பு வகைகளை ஓர் எவர்சில்வர் பேசினில் போட்டு நிறுப்பது வழக்கம். வெறும் பேசினை முதலில் தட்டில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தி எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பருப்பைக் கொட்ட வேண்டும். அந்தப் பேசினின் எடை சரியாக 180 கிராம். செவ்வாயன்று லுஹருக்குப் பின் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. தராசு மறுபடி எழுந்தபோது நான் அந்தப் பொத்தானை அழுத்தவே இல்லை. அஸருக்குப் பிறகு கடையில் நின்ற பையன் பேசினை ஓரமாக வைத்துவிட்டுக் காகிதப் பையிலேயே நிறுத்துக் கொடுத்ததால் பிழை அதோடு நின்றது. இடைப்பட்ட நேரத்தில் என்னிடம் பருப்பு வாங்கிய அத்தனை பேருக்கும் 180 கிராம் குறைவாகப் போயிருக்கிறது. அதே நேரத்தில் என் விரல் வேறொரு பொத்தானை 1,140 முறை அழுத்திக்கொண்டிருந்தது.

மாமியிடம் மன்னிப்புக் கேட்டுக் குறைந்ததைக் கொடுத்தேன். அவர் ஒரு நாளைக்கு 1,000 பீடி சுற்றுகிறவர். கட்டுக்கு 25 வீதம் 40 கட்டு. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுக்கும் நூல் சுற்றி முடியும்போது ஸலவாத்து என்னும் நபி வாழ்த்து ஒன்றைச் சொல்வாராம். ஒரு கட்டில் ஒரு பீடி குறைந்தாலும் எடுக்கிறவர் கழித்துவிடுவார் என்பதால், ஸலவாத்தும் தவறாது, எண்ணிக்கையும் தவறாது.

7 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

இன்றைய ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் மனம் குர்ஆனின் 'ஜுமுஆ' அத்தியாயத்தின் இரண்டு வசனங்களையே சுற்றிக்கொண்டிருந்தது. 62:9 வசனம், பாங்கு சொல்லப்பட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு 'அல்லாஹ்வின் திக்ருக்கு' விரையுங்கள் என்கிறது. அங்கே ஜும்ஆவே திக்ர் என்று பெயர் பெறுகிறது. அடுத்த வசனமோ, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள், அல்லாஹ்வை அதிகமாக நினைவுகூருங்கள் என்று கடைத்தெருவுக்கே அதைக் கொண்டுவந்துவிடுகிறது. பள்ளிவாசலில் இருந்தவரை இருந்த நினைவு கல்லாப்பெட்டிக்கு முன்னாலும் இருக்க வேண்டும் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

தொழுகைக்குப் பின் எங்கள் மார்க்க ஆசிரியர் ஹஜ்ரத்திடம் நடந்ததைச் சொன்னேன். திக்ர் என்ற அரபுச் சொல்லுக்கு நினைத்தல், வாயால் குறிப்பிட்டுச் சொல்லுதல் ஆகிய இரண்டு பொருளும் உண்டு என்றும், அதற்கு எதிர்ச்சொல் மௌனம் அன்று, மறதியும் கஃப்லத் என்னும் பராமுகமும்தான் என்றும் அவர் விளக்கினார். வாய் மூடியிருப்பவன் நினைவோடு இருக்கலாம். வாய் ஓயாதவன் பராமுகத்தில் இருக்கலாம். பிறகு 3:135 வசனத்தைச் சொன்னார். தவறு செய்துவிட்டால் அல்லாஹ்வை நினைத்துப் பாவமன்னிப்புத் தேடுகிறவர்களைப் பற்றியது அது. "இந்த நினைவுக்கு எண்ணிக்கை கிடையாது" என்றார். யாருக்குக் குறைந்தது என்று தெரிந்தால் அவரவர் கையில் சேர்க்க வேண்டும், தேடியும் கிடைக்காதவர்களின் பங்கை அவர்கள் பெயரால் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

9 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

பற்று நோட்டைப் புரட்டினேன். செவ்வாய் மதியம் கடனுக்குப் பருப்பு வாங்கியவர்கள் பதினொரு பேர். ரொக்கத்துக்கு வாங்கியவர்களை மனக்கண்ணில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறேன். பாதி முகங்கள்கூட வரவில்லை.

தொழுகைக்குப் பின் மூன்று இறைத்துதிகளைச் சொல்லும் 33, 33, 33 முறை என்ற கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. அது நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது. அதைப் போன்றதே உறங்கப் போகும்முன் ஓதும் 33, 33, 34. திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன நபியின் மகள் ஃபாத்திமா (ரலி) வேலைக்கு ஓர் ஆள் கேட்டபோது, அதைவிடச் சிறந்தது என்று கொடுக்கப்பட்டது அது. சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அன்று, மாவரைத்த கைக்குத் தரப்பட்டது என்பதை இத்தனை வருடம் ஓதியும் நான் கவனித்ததில்லை. விரல்களால் எண்ணுங்கள், அவை விசாரிக்கப்படும், பேசவைக்கப்படும் என்று நபி பெண்களுக்குச் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. என் ஆள்காட்டி விரலுக்குப் பேச்சு வந்தால் எந்தப் பொத்தானைப் பற்றி முதலில் சொல்லும் என்று நினைத்தபோது, பாயில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

(சத்தமாகத் திக்ர் செய்யலாமா, மெதுவாகத்தான் செய்ய வேண்டுமா என்று எங்கள் ஊரில் நடக்கும் வாதத்துக்கு ஒரு முடிவில்லை. இரு பக்கத்தாரும் என்னிடம்தான் சாமான் வாங்குகிறார்கள். அந்த மதியம் இரு பக்கத்துக்கும் ஒரே அளவில்தான் குறைத்திருப்பேன்.)

மனம் ஒன்றாத திக்ரை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் வந்தது. கி.பி. 1309-இல் கெய்ரோவில் மறைந்த ஸூஃபி அறிஞர் இப்னு அதாவுல்லாஹ் இதற்கு மறுமொழி சொல்லியிருக்கிறார்: திக்ரில் மனம் நிற்கவில்லை என்று திக்ரை விடாதே; திக்ரே இல்லாத பராமுகம், திக்ருக்குள் இருக்கும் பராமுகத்தைவிடக் கேடானது. ஆகவே நாக்கை நிறுத்தவில்லை. கருவியை மட்டும் கழற்றிக் கல்லாப்பெட்டிக்குள் போட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

மறுபடியும் சந்தை, மறுபடியும் நெரிசல். நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியின் கடைசிப் பாடம், நீதியான தராசுகளை வைப்போம் என்ற 21:47 வசனத்தைத் தலைப்பாகக் கொண்டது. அதிலுள்ள ஹதீஸ், நாவுக்கு இலகுவான, தராசில் கனமான இரண்டு வாக்கியங்களைப் பற்றியது: ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி (அல்லாஹ் தூயவன், அவனுக்கே புகழ்), ஸுப்ஹானல்லாஹில் அழீம் (மகத்தான அல்லாஹ் தூயவன்). இன்று பேசினை வைத்துப் பொத்தானை அழுத்தி, சுழியம் தெரிகிற வரை காத்திருக்கும் அந்த ஒரு நொடியில் முதல் வாக்கியத்தையும், பருப்பைக் கொட்டி எண் அசையாமல் நின்றபின் இரண்டாவதையும் சொன்னேன். எத்தனை முறை என்று தெரியாது. நடுவில் இரண்டு மூன்று பேரிடம் மறந்தும்விட்டேன்; வாக்கியத்தைத்தான், பொத்தானை அன்று.

பதினொரு பேரில் பத்துப் பேருக்குக் கொடுத்தாயிற்று. ஒருவர் சிரித்தார், ஒருவர் முகம் சுளித்தார், ஒருவர் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னார். பெயர் தெரியாதவர்களுக்காக, கூடுதலாகவே இருக்கட்டும் என்று ஏழு கிலோ பருப்பைப் பிரித்து வைத்திருக்கிறேன். அவர்களில் யாராவது மறுபடி வருகிறார்களா என்று இன்னும் சில வாரம் பார்த்துவிட்டுத்தான் அதைத் தர்மமாகக் கொடுக்க வேண்டும். மீதி ஒருவர் பாவூர்சத்திரத்து மாட்டுத் தரகர். இன்று அவர் வரவில்லை, அடுத்த செவ்வாய்தான் வருவாராம். 180 கிராம் துவரம்பருப்பைப் பொட்டலமாக மடித்து, அவர் பெயரை எழுதி, தராசுக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.