சவுதி–ஈரான் பகையைப் படித்த கதை: ‘இடிக்கிற’ பக்கங்களில் இருந்து

சிவில் சர்வீஸ் தேர்வுக்கான டெஸ்ட் சீரிஸில், அதாவது மாதிரித் தேர்வுகளில், 15-க்கு 4 மதிப்பெண் வாங்கிய ஒரு விடையில் இருந்து தொடங்குகிறேன். கேள்வி இதுதான்: ‘மேற்காசியாவில் சவுதி அரேபியாவுக்கும் ஈரானுக்கும் இடையிலான போட்டி மதப்பிரிவு சார்ந்ததா, அதிகாரம் சார்ந்ததா? ஆராய்க.’

நான் கி.பி. 632-இல் ஆரம்பித்தேன். நபிகள் நாயகத்தின் மறைவு, அடுத்து தலைமை யாருக்கு என்று ஷியா, சுன்னி பிரிவுகளுக்கு வித்திட்ட கருத்து வேறுபாடு, நபிகளின் மருமகன் அலி, 680-இல் கர்பலா போர், அங்கே அலியின் மகன் ஹுசைன் கொல்லப்பட்டது. தகவல் எதுவும் தப்பில்லை. ஆனால் 250 சொல்லில் 140 சொல் கர்பலாவிலேயே தீர்ந்துவிட்டது. மிச்ச இடத்தில் ஏமன், சிரியா, லெபனான், ஈராக் என்று பெயர்களை அடுக்கி, ‘1,400 ஆண்டுப் பகை இன்றும் தொடர்கிறது’ என்று கம்பீரமாக முடித்திருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: ‘1979 எங்கே?’

சிவில் சர்வீஸ் மெயின்ஸில் ஜி.எஸ். (பொது அறிவு) இரண்டாம் தாளைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும், அரசியல் அறிவியலை ஆப்ஷனலாக வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ரேங்க் வாங்கியவன் இல்லை. ஒரே தலைப்பில் இரண்டு முறை சறுக்கி, மூன்றாவது முறைதான் உருப்படியாக எழுதியவன். எங்கே சறுக்கினேன் என்று சொல்ல அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிவப்பு மைக்கு அப்புறம் நான் செய்த முதல் வேலை, 1979-ஐ விட்டுவிட்டு 1978-ஐத் தேடியதுதான். அந்த வருஷம் இந்த இரண்டு நாடுகளும் எப்படி இருந்தன? ஈரானில் ஷா, சவுதியில் மன்னர். இருவருமே முடியரசர்கள், அமெரிக்காவின் நண்பர்கள், கம்யூனிஸத்துக்கு எதிரிகள். 1971-இல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு வெளியேறியபோது, நிக்சன் காலத்து அமெரிக்கா இந்த இரண்டு நாடுகளையும்தான் ‘இரட்டைத் தூண்கள்’ என்று வைத்துக்கொண்டது. 1960-இல் பாக்தாத்தில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக் தொடங்கியபோது இருவரும் நிறுவன உறுப்பினர்கள். உரசல் இல்லாமல் இல்லை; எண்ணெய் விலையில் முட்டிக்கொண்டார்கள். ஷாவின் ஈரான் பஹ்ரைனைத் தன்னுடையது என்று 1970 வரை சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களின் வரப்புத் தகராறு மாதிரி. ஈரான் அன்றும் ஷியா நாடுதான், சவுதி அன்றும் சுன்னி நாடுதான். அப்படியென்றால் 1,400 ஆண்டுப் பகை அந்தக் காலத்தில் மட்டும் லீவில் போயிருந்ததா?

இந்தக் கேள்வி மண்டையில் ஏறிய பிறகு 1979 வேறு மாதிரி தெரிந்தது. பிப்ரவரியில் ஈரானியப் புரட்சி வென்றது. நவம்பர் 20-ஆம் தேதி ஜுஹைமான் அல் உதைபியின் ஆட்கள் மக்காவின் பெரிய பள்ளிவாசலையே கைப்பற்றினார்கள். அவர்கள் ஷியாக்கள் அல்ல, சவுதிக்குள்ளேயே வளர்ந்த சுன்னித் தீவிரர்கள். மீட்க இரண்டு வாரம் ஆயிற்று. அதே மாதம் சவுதியின் கிழக்கு மாகாணத்தில், கதீஃப் பகுதியில், ஷியாக்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஒரே ஆண்டில் இத்தனையும்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஈரானியப் புரட்சியின் தலைவர் கொமேனி ரியாத்தை, அதாவது சவுதி அரசை, மிரள வைத்தது அவர் ஷியா என்பதால் மட்டுமல்ல. இஸ்லாத்தில் பரம்பரை மன்னராட்சிக்கு இடமில்லை என்று அவர் சொன்னார். ஒரு மன்னருக்கு இதைவிட ஆபத்தான வாக்கியம் இருக்க முடியுமா? அதிலிருந்து ‘இஸ்லாத்துக்காகப் பேசும் உரிமை யாருக்கு’ என்ற போட்டி தொடங்குகிறது. 1981-இல் ஆறு வளைகுடா முடியரசுகள் சேர்ந்து வளைகுடா ஒத்துழைப்புக் குழுமத்தை அமைத்தன. 1986-இல் மன்னர் ஃபஹத் ‘இரு புனிதப் பள்ளிவாசல்களின் பணியாளர்’ என்ற பட்டத்தை முறைப்படி எடுத்துக்கொண்டார். 1987 ஹஜ்ஜில் ஈரானிய யாத்ரீகர்களின் ஆர்ப்பாட்டம் சவுதிப் படையுடன் மோதலாகி 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே தூதரக உறவு முறிந்தது.

1991-இல் உறவு திரும்பியது. ஈரானில் காதமி ஜனாதிபதியாக இருந்த காலத்தில் நன்றாகவே இருந்தது. 2001-இல் பாதுகாப்பு ஒப்பந்தம்கூடப் போட்டார்கள். 2003-இல் அமெரிக்கா ஈராக்கின் சதாமை வீழ்த்தி, பாக்தாத்தில் ஷியா கட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் மீண்டும் கசந்தது. 2016 ஜனவரியில் சவுதி, ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ர் உட்பட 47 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. தெஹ்ரானில் சவுதி தூதரகம் தாக்கப்பட்டது. உறவு மறுபடி முறிந்தது. 2023 மார்ச் 10-ஆம் தேதி பெய்ஜிங்கில் மறுபடி கைகுலுக்கினார்கள்.

இதை ஒரு ஏ4 தாளில் ஏற்ற இறக்கக் கோடாக வரைந்து மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். வரைந்து பாருங்கள். பகை ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் மதப்பிரிவு அப்படியே நிற்கிறது. நிற்கிற ஒன்றை மட்டும் வைத்து ஏறி இறங்குகிற ஒன்றை எப்படி விளக்குவது?

அடுத்ததாக, நோட்டின் கடைசிப் பக்கங்களில் ‘இடிக்கிறது’ என்று தலைப்புப் போட்டேன். ‘ஷியா ஒரு பக்கம், சுன்னி ஒரு பக்கம்’ என்ற கணக்குக்குள் அடங்காத எதைப் படித்தாலும் அங்கே போகும். தயாரிப்பில் எனக்கு அதிகம் உதவியவை இந்தப் பக்கங்கள்தான்.

முதல் பதிவு ஏமன். 1962-இல் வட ஏமனில் ராணுவம் இமாமின் ஆட்சியைக் கவிழ்த்துக் குடியரசு அறிவித்தது. குடியரசுக்கு ஆதரவாக நாசரின் எகிப்து படை அனுப்பியது. கவிழ்க்கப்பட்ட இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது யார் தெரியுமா? சவுதி அரேபியா. அந்த இமாம் ஷியாக்களில் ஜைதி என்ற கிளையைச் சேர்ந்தவர். சுன்னி எகிப்துக்கு எதிராக ஷியா இமாமை சவுதி தாங்கிப் பிடித்தது! அரை நூற்றாண்டு கழித்து, அதே ஜைதி சமூகத்தில் இருந்து வந்த ஹூதி கிளர்ச்சியாளர்கள் 2014 செப்டம்பரில் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவுதி கூட்டணி குண்டு போட ஆரம்பித்தது. ஊர் அதே, பிரிவு அதே. அன்று ரியாத் பயந்தது நாசரைப் பார்த்து, இன்று தெஹ்ரானைப் பார்த்து.

ஏமனில் இன்னும் இருக்கிறது. அலி அப்துல்லா சாலேயும் ஜைதி குடும்பத்தில் பிறந்தவர்தான். அவரே ஜனாதிபதியாக இருந்து 2004 முதல் 2010 வரை ஹூதிகளோடு ஆறு சுற்றுப் போர் நடத்தினார். பதவி போன பிறகு அவர்களோடே கூட்டுச் சேர்ந்தார். மறுபடி முறுக்கிக்கொண்டபோது, 2017 டிசம்பரில் அவர்கள் கையாலேயே செத்தார். ஈரானின் ஷியா மரபு பன்னிரண்டு இமாம்களை ஏற்பது. ஜைதி மரபு வேறு, சட்ட வழக்கங்களில் அது சுன்னிகளுக்குப் பல இடங்களில் நெருக்கம். ஆகவே ‘ஈரானின் மதச் சகோதரர்கள்’ என்று விடைத்தாளில் ஹூதிகளை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் முடித்திருந்தேன்.

மற்ற பதிவுகளை வேகமாகச் சொல்கிறேன். அஜர்பைஜான் ஷியா பெரும்பான்மை நாடு. ஆனால் ஈரானுக்கு நெருக்கம் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு. ஹமாஸ் சுன்னி இயக்கம், ஈரானின் ஆதரவு பெற்றது. 1980 முதல் 1988 வரை நடந்த போரில் ஈரானை எதிர்த்து நின்ற ஈராக் ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் அரபு ஷியாக்கள். 2015-இல் ஏமன் போருக்கு சவுதி கூப்பிட்டபோது, பாகிஸ்தான் நாடாளுமன்றம் நடுநிலை என்று தீர்மானம் போட்டது. ஓமன் இரண்டு பக்கமும் இல்லை. அங்கே ஆட்சியாளர்கள் இபாதி மரபினர். வாஷிங்டனுக்கும் தெஹ்ரானுக்கும் நடுவே பலமுறை தூது போனதும் அவர்கள்தான்.

சுன்னித் தரப்பு என்று ஒன்று ஒற்றுமையாக இருப்பதாக நினைத்தால் 2017 ஜூனைப் பாருங்கள். சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் சேர்ந்து கத்தாரை முடக்கின. முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்கு ஆதரவு, கத்தாரின் அல் ஜசீரா டிவி, ஈரானோடு உறவு என்று குற்றச்சாட்டுகள். கத்தாருக்கு வான்வழியைத் திறந்து உணவு அனுப்பியது ஈரான். துணைக்குப் படை அனுப்பியது சுன்னி துருக்கி. கத்தாரும் ஈரானும் கடலுக்கடியில் ஒரே இயற்கை எரிவாயு வயலைப் பங்கு போட்டிருக்கின்றன என்று தெரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும். 2021 ஜனவரியில் சவுதியின் அல் உலாவில் கத்தாரும் அந்த நான்கு நாடுகளும் சமாதானம் ஆனார்கள்.

இந்தப் பக்கங்கள் நிறைய நிறைய எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அடுத்த டெஸ்டில் ஒரேயடியாக எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘மதம் வெறும் முகமூடி, உள்ளே இருப்பது எண்ணெய் மட்டுமே’ என்று எழுதினேன். 15-க்கு 5. அதே கையெழுத்தில், ‘பஹ்ரைனை விளக்கு.’

சரி, விளக்கப் பார்த்தேன். பஹ்ரைனில் குடிமக்களில் பெரும்பான்மை ஷியா, ஆளும் கலீஃபா குடும்பம் சுன்னி. 2011-இல் முத்துச் சதுக்கத்தில் கூடியவர்கள் முதலில் கேட்டது அரசியல் சீர்திருத்தம்தான்; அவர்களில் சுன்னிகளும் இருந்தார்கள். அரசு அதை ‘ஈரானின் சதி’ என்றது. மார்ச்சில் சவுதி படை பாலம் தாண்டி வந்தது. பல தலைமுறைகளாக வேலை, வீடு, ராணுவத்தில் இடம் என்று எல்லாவற்றிலும் ஒதுக்கப்பட்டதாக உணரும் ஒருவருக்கு, தன் பிரிவு முகமூடி ஆகாது. அது அவருடைய அன்றாட வாழ்க்கை.

இதை எனக்குப் புரிய வைத்தது புத்தகம் இல்லை, என் அண்ணன். சவுதியின் கிழக்கு மாகாணத்தில், தம்மாமில் ஏசி மெக்கானிக். 2017-இல் ஒருநாள் போனில், ‘டேய், கதீஃப் பக்கம் வேலை வந்தா இப்ப அனுப்பறதில்லடா, அவாமியால ஒரே சண்டை’ என்றார். நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவாமியா, நிம்ர் அல் நிம்ரின் ஊர். சவுதி மக்கள்தொகையில் ஷியாக்கள் 10 முதல் 15 விழுக்காடுதான். ஆனால் அவர்கள் செறிந்து வாழ்வது கிழக்கு மாகாணத்தில், அதாவது எண்ணெய் வயல்களின் பக்கத்தில். மதமும் எண்ணெயும் தனித்தனி அத்தியாயங்கள் என்று நினைத்திருந்தேன். வரைபடத்தில் இரண்டும் ஒரே விரல்நுனிக்குள் இருந்தன. 2019 செப்டம்பர் 14-ஆம் தேதி அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டபோது, சவுதி உற்பத்தியில் பாதி, நாளுக்கு 57 லட்சம் பீப்பாய், நின்றுபோனது. அதுவும் அதே மாகாணம்.

மூன்றாவது முறை எழுதியபோது நான் பிடித்துக்கொண்ட இழை இது: பிரிவு எங்கும் இருக்கிறது, ஆனால் அரசு நொறுங்கிய இடத்தில்தான் அது துப்பாக்கி எடுக்கிறது. ஈராக்கையே பாருங்கள். 2003-இல் அமெரிக்க நிர்வாகம் ராணுவத்தைக் கலைத்தது. போலீஸும் நம்பும்படி இல்லை. தெருவைக் காக்க ஆள் வேண்டும், அது தன் பிரிவுப் படையாக இருந்தது. 2006 பிப்ரவரியில் சமாராவில் ஷியாக்களின் அஸ்கரி தலம் தகர்க்கப்பட்டதும், பாக்தாத்தில் பேட்டைகள் பேட்டைகளாக மக்கள் பிரிந்து போனார்கள். லெபனானில் உள்நாட்டுப் போரும் 1982 இஸ்ரேல் படையெடுப்பும் சேர்ந்த நேரத்தில்தான் ஷியா இயக்கமான ஹிஸ்புல்லா உருவானது. சிரியாவில் 2011-க்கு அப்புறம், டமாஸ்கஸ் அருகே உள்ள சையிதா ஜைனப் தலத்தைக் காப்போம் என்று சொல்லி வெளிநாட்டு ஷியா போராளிகள் திரட்டப்பட்டார்கள். அசாத் அரசைக் காப்பாற்றுவது தெஹ்ரானின் கணக்கு; போனவர்களில் பலர் உண்மையாகவே தலத்துக்காகப் போனார்கள். இரண்டையும் எழுதினால்தான் விடை முழுமை. அந்த முறை 15-க்கு 8 வந்தது. டெஸ்ட் சீரிஸில் எட்டு என்பது தீபாவளி.

இந்தியப் பகுதியை நீட்ட வேண்டாம், ஆனால் விடவும் கூடாது. 2018 மெயின்ஸில் அமெரிக்க–ஈரான் அணு ஒப்பந்தச் சிக்கல் இந்தியாவின் நலனை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டார்கள். வளைகுடா அரபு நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள்; ஈரானில் சாபஹார் துறைமுகம், அதற்காக இந்தியா 2024 மே மாதம் போட்ட பத்தாண்டு ஒப்பந்தம்; 2019-இல் அமெரிக்கத் தடையால் ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது; உலக எண்ணெய் நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு கடந்து போகும் ஹோர்முஸ் நீரிணை. இந்த நான்கும் போதும். ‘இந்தியா நடுநிலையாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல், எது போனால் எவ்வளவு வலிக்கும் என்று எழுதுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தொல்லை: பெயர்கள். ஹூதி, ஹவுதி, ஹௌதி என்று மூன்று விதமாக ஒரே விடையில் எழுதியிருக்கிறேன். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன், 10 மதிப்பெண், 150 சொல்: ‘2017-இல் கத்தாருக்கு ஈரான் ஏன் உதவியது?’ ஷியா, சுன்னி என்ற இரண்டு சொல்லையும் தொடாமல் முதலில் எழுதுங்கள். பிறகு அதே விதியோடு, ‘2011-இல் சவுதி பஹ்ரைனுக்கு ஏன் படை அனுப்பியது?’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் எந்த வரியில் பேனா நின்றுபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது.