காப்பாற்ற நீண்ட கையே கொன்ற கதை

‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ சித்திரக்கதையின் 1973ஆம் ஆண்டு யூன் மாத இதழில், பாலத்தின் உச்சியிலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் தன் வலையால் பிடித்து நிறுத்துகிறான். விழுகின்ற உடல் சட்டென்று நின்ற அதிர்விலேயே அவளது கழுத்து முறிந்துவிடுகிறது. அவளைத் தள்ளிவிட்டவன் வில்லன் கிரீன் கொப்ளின் என்றாலும், காப்பாற்ற நீண்ட கையே உயிரைப் பறித்தது என்பதை வாசகர்கள் பலரால் தாங்க முடியவில்லை. கதையை எழுதிய ஜெரி கொன்வே கடும் கோபத்துக்கு ஆளானார்.

2014இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ திரைப்படம் அந்த மரணத்தை விட்டுவிடவில்லை. ஆனால் அதில், மணிக்கூட்டுக் கோபுரத்தினுள் வலை அவளை எட்டிப் பிடிக்கும்போது தலை தரையில் மோதிவிடுகிறது. இதனால் அவனது பிடி பிந்தியது என்றுதான் தோன்றுகிறதே தவிர, அந்தப் பிடியே கொன்றது என்ற கொடுமை மங்கிவிடுகிறது. மரணத்தைக் காட்டியவர்கள் அதையும் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். பதுங்குகுழியை விட்டு வெளியே வரும்படி தானே அழைத்ததாகச் சொல்லி, 2009இல் இழந்த பிள்ளைக்காக இன்றும் தன்னை நொந்துகொள்ளும் பெற்றோர் எங்கள் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களுடைய துயரத்துக்கு மிக அருகில் வந்த ஒரு சாகசக் கதையை, பார்ப்பவர் மனம் நோகும் என்று மென்மையாக்கத் தேவையில்லை.

அதற்காக மூலக்கதையில் இறந்த எல்லோரும் திரையிலும் இறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2006இல் தொடங்கிய ‘சிவில் வோர்’ சித்திரக்கதையில் கோலியாத் என்ற சாகச நாயகர் கொல்லப்படுகிறார். அதைத் தழுவி 2016இல் வந்த படத்திலோ, தன் பக்கத்தவனான விஷன் என்ற நாயகனின் குறிதவறிய கதிர் பட்டு விழும் ரோட்ஸ் என்ற வீரனின் கால்கள் செயலிழக்கின்றன. சண்டை முடிந்த பின்னரும் அந்தத் தவறு நண்பர்களின் கண்முன்னே நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறது என்பதால், இந்த மாற்றத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

1994இல் கிரீன் லான்டர்ன் என்ற சித்திரக்கதை நாயகனின் காதலி அலெக்ஸாண்ட்ராவைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்த கதை வேறு வகையானது. நாயகனுக்குச் சினமூட்டுவதைத் தவிர அவளது சாவுக்கு அங்கே வேறு வேலையில்லை. 1999இல், பின்னாளில் சித்திரக்கதை எழுத்தாளரான கெயில் சிமோன் இப்படிப் பலியான பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டதற்கும் அக்காட்சியே தூண்டுதல். அவளை உயிரோடு வைத்து ஒருவர் படமெடுத்தால், அதை மூலத்துக்குச் செய்த துரோகம் என்று எவர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.