டிஷ்வாஷர் சத்தம் போட்டால் முதலில் கவனிக்க வேண்டியது

டிஷ்வாஷரில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் உடனே சர்வீஸுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஏறும்போது வருகிறதா, கழுவும்போதா, அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும்போதா என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓடுவது வேறு வேறு பாகம் என்பதால் இது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆரம்பத்தில் சில நொடி வரும் 'உர்ர்' பெரும்பாலும் அடியில் தங்கிய பழைய தண்ணீரை வெளியேற்றுவது. நடுவில் ஒருமுறை 'டக்', அது சோப்புப் பெட்டி மூடி திறப்பது. இதற்கெல்லாம் கவலை வேண்டாம்.

கழுவும்போது சீரான இடைவெளியில் 'டொக்... டொக்' என்றால் தோசைக்கரண்டியோ ஜல்லிக்கரண்டியோ சரிந்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுற்றுகிற ஸ்ப்ரே ஆர்மில் இடிக்கிறது. கதவைச் சாத்தும் முன் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டால் இது வராது.

நம் ஊர் வீடுகளில் அதிகம் வருவது இன்னொன்று: தண்ணீர் போதாமல் பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்து 'கொரகொர' என்று இரைவது. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் (தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அழுத்தம் வேண்டும், ஆனால் மாடித் தொட்டி ஒரு மீட்டர் உயரத்துக்குத் தருவது சுமார் 0.1 பார்தான், அதனால் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீட்டில் இது தகராறுதான். குழாயோடு, மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இன்லெட் ஹோஸ் சேரும் இடத்தில் உள்ள சின்ன வலையில் போர் தண்ணீரின் மணல் அடைத்திருந்தாலும் இதே கதி. அப்புறம், வாணலியையோ குண்டானையோ மல்லாக்க வைத்தால் அதிலேயே தண்ணீர் தேங்கி பம்புக்குக் கிடைக்காமல் போகும். எப்போதும் கவிழ்த்தே வையுங்கள்.

தண்ணீர் வெளியேறும்போது கடகடவென்று அரைக்கிற சத்தம் வந்தாலோ, பம்ப் முனகுவது மட்டும் கேட்டு தண்ணீர் இறங்காமல் நின்றாலோ, டிரெயின் பம்பில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். புளியங்கொட்டை, எலுமிச்சை விதை, உடைந்த டம்ளரின் கண்ணாடிச் சில்லு, இவைதான் வழக்கமான ஆட்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்த் தட்டை எடுத்து, ஃபில்டரைத் திருகிக் கழற்றி, தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். சில்லு இருக்கலாம், வெறும் விரலை விடாதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை நெம்பினால் உள்ளே குட்டி விசிறி தெரியும். குச்சியால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றாமல் விட்டு விட்டு நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான், பழுது என்று நினைக்க வேண்டாம். அசையவே மறுத்தால்தான் பிரச்சினை. மூடியை மறுபடி சரியாக அமுக்கி மாட்டாவிட்டால் தண்ணீர் இறங்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவுகிற நேரம் முழுக்க 'உய்ங்' என்று கூச்சலிட்டு, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் பம்பின் பேரிங் போயிருக்கும். இதில் நீங்கள் கை வைக்காதீர்கள். சத்தத்தைப் போனில் பதிவு செய்து, எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் எழுதி மெக்கானிக்குக்கு அனுப்புங்கள், தேவையான பாகத்தைக் கையோடு எடுத்துவர அவருக்கு வசதியாக இருக்கும்.