வெள்ளவத்தையில் என் நிறை

மதுரையிலிருந்து கல்யாணமாகி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த எட்டாம் மாதம் உண்டானேன். மாமியார் இங்கே மாமி, எடை இங்கே நிறை என்று ஒவ்வொரு சொல்லாகப் பழகிக்கொண்டிருந்த நேரம். அப்போது 44 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். ஒல்லி எங்கள் வீட்டு வாகு என்று நினைத்திருந்தேன்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கணக்குப் போட்டு அட்டையில் எழுதினார்: உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் பிஎம்ஐ எண், 17.6. அது 18.5க்குக் கீழே இருந்தால் பிரசவத்துக்குள் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டுமாம். சரியான நிறையில் தொடங்கினால் 11.5 முதல் 16. பருமனானவர்களுக்கு இன்னும் குறைவு. எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அம்மாவோ தினமும் போனில், "அளவாச் சாப்பிடுடி, பிள்ளை பெருத்துட்டா சுகப்பிரசவம் ஆகாது" என்பார். வாந்தியும் சேர்ந்துகொள்ள, 24ஆவது வாரத்தில் மூன்றே கிலோ கூடியிருந்தேன்.

மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். குடையை மடித்து வாசலில் சாய்த்துவிட்டு நேராக அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். "பிள்ளை, சாப்பாட்டைக் குறைச்சா பிரசவம் லேசாகாது. பேபிதான் நிறை குறைஞ்சு பிறக்கும்." இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைக்கு உடம்பில் சூடு தங்காது, கிருமி சீக்கிரம் தொற்றும் என்று பொறுமையாகச் சொன்னார். மாதம் முந்திப் பிறப்பது, தாயின் ரத்த அழுத்தம் என வேறு காரணங்களும் உண்டு. நிறை குறைந்தால் தாயைப் பழிசொல்வது தவறு. ஆனால் சாப்பாடு என் கையில் இருந்தது.

கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா மாவு அதுவரை அலமாரியிலேயே கிடந்தது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவு. மாமி அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்தார். முதல் உருண்டை வறுத்த வாசனையோடு நாக்கில் ஒட்டியது. அப்புறம் நாலு மணியானால் நானே டப்பாவைத் தேடினேன். மத்தியானச் சோற்றோடு ஒரு மீன் துண்டும் பருப்பும் கூடின. வாரத்துக்கு அரைக் கிலோ போல ஏறி, கடைசியில் 56இல் நின்றேன்.

மகள் பிறந்ததும் அம்மா போனில் கேட்டது, "எடை எவ்வளவுடி?"

"நிறை ரெண்டேமுக்கால் கிலோம்மா."