பக்கத்து சீட்டிலிருந்து

ஜூன் 5, 2024, புதன்

திருச்சியில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களை முதல் நாள் ஸ்டியரிங் பக்கம் உட்கார வைப்பதில்லை. பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லி, தில்லைநகரிலிருந்து புத்தூர் நால்ரோடு வரை நானே ஓட்டிப் போவேன். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "எதை நினைச்சா பயமா இருக்கு?"

இன்று வந்த வங்கி ஊழியர் சொன்னது: "நடுரோட்டுல வண்டி ஆஃப் ஆயிட்டா?" காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா சொன்னது: "பின்னாடி ஹாரன் அடிச்சா கை ஓடாதும்மா." மூன்றாவதாக வந்தவள் கல்லூரி முடித்த பெண். "அப்பா வண்டியில கோடு விழுந்துட்டா என்ன செய்யறது?" என்றாள்.

மூன்று பேருமே விபத்து என்ற சொல்லை எடுக்கவில்லை. எனக்கு இது புதிதல்ல. வருகிறவர்களில் பெரும்பாலோர் அடிபடுவதைப் பற்றி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் பேசுவார்கள். முதலில் வருவது எப்போதும் யாரோ பார்ப்பார்கள், யாரோ திட்டுவார்கள் என்பதுதான்.

விபத்துக்குப் பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே இதுதான் அதிகம். 17,884 பேர் செத்துப்போனார்கள். இந்த எண்ணிக்கையைப் பார்த்து ஒருத்தி பயந்தால் அவளுக்கு அறிவு வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தப் பயத்தை நான் போக்க மாட்டேன். கண்ணாடி பார்க்க வைப்பதும் வேகத்தைக் குறைக்க வைப்பதும் அதுதான். நான் மல்லுக்கட்டுவது மற்ற பயத்தோடு.

ஜூன் 7, வெள்ளி

வங்கி ஊழியர் ஐந்தடிக்கும் குறைவு. சீட்டில் உட்கார்ந்ததும், "முன்னாடி வண்டி எங்க முடியுதுன்னே தெரியலை மேடம், எனக்கு இந்த ஜட்ஜ்மென்ட் வராது" என்றார். இறங்கச் சொல்லிவிட்டு, டிக்கியில் எப்போதும் வைத்திருக்கும் கெட்டியான குஷனைப் போட்டேன். சீட்டை முன்னால் இழுத்து, சாய்மானத்தை நிமிர்த்தினேன். மறுபடி உட்கார்ந்தவர், "அட, பானட் தெரியுதே!" என்றார்.

இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவுதான். சீட்டை உயர்த்தும் வசதியை நம் ஊரில் பெரும்பாலும் விலை கூடிய மாடலில்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரரின் உயரத்துக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்து, நுனிக்காலால் கிளச்சை எட்டி எட்டி மிதித்துவிட்டு, தனக்கு ஓட்ட வரவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும்.

மோதல் சோதனையில் பல பத்தாண்டுகளாக உட்கார வைக்கும் பொம்மை 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை. அது ஆணின் உடம்பு. சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ., 62 கிலோவில் ஒரு பொம்மையை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு 2022இல்தான் வெளியே காட்டியது. சீட் பெல்ட் போட்ட ஓட்டுநர்களை வைத்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான மோதலில் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று அதில் வந்தது. வண்டி தனக்காகச் செய்யப்படவில்லை என்று உடம்புக்குத் தோன்றினால் அது பொய் இல்லை.

அதனால் என் முதல் பாடம் சீட்தான். குதிகால் தரையில் ஊன்றி இருக்க வேண்டும். கிளச்சை முழுக்க அமுக்கினாலும் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி, ஏர்பேக் விரிய அவ்வளவு இடம் தேவை. ஹீல்ஸ் வேண்டாம், துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும்.

ஜூன் 12, புதன்

தென்னூர் மேம்பாலம் ஏறும்போது காய்கறிக் கடை அக்காவுக்கு வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் தனியார் பஸ். ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவில்லை. இரண்டு பைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, "லேடீஸ்டா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

என் பக்கமும் கிளச், பிரேக் உண்டு. நான் மிதிக்கவில்லை. "ஹேண்ட் பிரேக்கை இழுங்கக்கா. இப்ப வண்டி எங்கயும் போகாது. சாவி போடுங்க. ஃபர்ஸ்ட் கியர். கிளச்சை மெல்ல விடுங்க, வண்டி லேசா அதிரும், அந்த இடத்துல காலை நிறுத்துங்க. கொஞ்சம் ஆக்சிலரேட்டர். இப்ப ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க." வண்டி ஏறிவிட்டது. அக்காவின் ரவிக்கை முதுகெல்லாம் வியர்வை.

இறக்கத்தில் அக்கா கேட்டார்: "ஆம்பளைக்கு ஆஃப் ஆனா யாரும் 'ஜென்ட்ஸ்டா'ன்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

சொல்ல மாட்டார்கள். ஆணுக்கு ஆஃப் ஆனால் கிளச் சரியில்லை. பெண்ணுக்கு ஆஃப் ஆனால் பெண்களுக்கே ஓட்டத் தெரியாது. எங்கோ ஒருத்தி செய்யும் சின்னப் பிசகு ஊரில் உள்ள அத்தனை பெண்களின் கணக்கிலும் ஏறுகிறது. அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மேடு ஏறுவது எவ்வளவு கஷ்டம்!

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் சிமுலேட்டரில் பெண்களை ஓட்டவிட்டு எடுத்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. பெண்கள் ஏன் மோசமாக ஓட்டுகிறார்கள் என்று பார்க்கவே இந்த ஆய்வு என ஒரு சாராரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். திடீரென்று சாலையின் குறுக்கே வந்தவர்கள்மேல் வண்டியை மோதும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. அதே மாதிரிப் பெண்கள், அதே சாலை. காதில் விழுந்த ஒரு பேச்சு அவர்கள் கவனத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது. வீட்டில் கிண்டல் செய்கிற அண்ணன் தம்பிகள் இதைப் படிக்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

கீரனூர் பக்கம் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டார். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த காலம், 1991, 92. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த தொண்டர்கள், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், வயல் வேலைக்கும் குவாரி வேலைக்கும் போகிறவர்கள், சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். அதுதான் நல்லது என்றும் கண்டுகொண்டார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. நான் அந்தப் பாரில் உட்கார்ந்து போனவள்.

"உனக்குப் பயமே இல்லையாம்மா?" என்று இன்றைக்குக் கேட்டேன்.

"ஏன் இல்ல? சேலை செயின்ல மாட்டும், முட்டி பேந்துரும். ஆம்பளைங்க கண்டபடி பேசுவானுங்க. ஆனா சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்துல நாங்க எம்புட்டுப் பேரு! எல்லாரும்தான் விழுந்தோம். யாரு யாரப் பாத்துச் சிரிக்கிறது?"

கேலி பேசியவர்களும் சில மாதத்தில் அடங்கிவிட்டார்களாம். பெண்கள் சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு போவதும், சந்தைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போவதும், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவதும் பழகிப்போன காட்சி ஆகிவிட்டது. எங்கு பார்த்தாலும் நடக்கிற ஒன்றை எத்தனை நாள் நின்று வேடிக்கை பார்ப்பது? அடுத்த வருஷமே, 1993இல், கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சொன்ன மைதானத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். கார் கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு மைதானம் கிடையாது. தனியாகக் கற்றுக்கொள்கிறாள். அவளைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் ஓட்டத் தெரியும், அவளைத் தவிர.

ஜூன் 19, புதன்

ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று தனித்தனியாக எடுத்ததை நிறுத்திவிட்டேன். இன்றிலிருந்து இரண்டிரண்டு பேர். ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி பின் சீட்டில். பாதி வழியில் மாறிக்கொள்ள வேண்டும்.

காய்கறிக் கடை அக்காவையும் கல்லூரிப் பெண்ணையும் ஜோடி சேர்த்தேன். பெண்ணுக்கு ஜி கார்னர் பக்கம் ரிவர்ஸில் வண்டி கோணலாகப் போனது. அக்கா பின்னாலிருந்து, "இரு கண்ணு, எனக்கும் நேத்து இப்படித்தான் போச்சு, நிறுத்திட்டு மறுபடி எடு" என்றார். நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. அடுத்த முறை நேராக வந்தது.

ஜூன் 25, செவ்வாய்

எல்லாப் பயமும் ஒரே வகை இல்லை. இதை எழுதிவைக்க வேண்டும்.

இன்று வந்த ஒரு பெண், வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கினார். விரல்கள் மரத்துப்போய், ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன். தம்பி பைக் விபத்தில் போய்விட்டானாம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியது இவர்தானாம். லாரி பக்கத்தில் வந்தால் அந்த நாள் முழுவதும் கண் முன்னால் வருகிறது என்றார்.

இதற்கு 'போகப் போகச் சரியாயிடும்' என்று சொல்லக் கூடாது. வற்புறுத்தி ஓட்டவைத்தால் இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும். மனநல மருத்துவரைப் பாருங்கள், முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, தமிழிலேயே பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்தார். "வருவேன்கா, வச்சிருங்க" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

வங்கி ஊழியரின் கணவர் இன்று பின் சீட்டில் வந்தார். நல்ல மனிதர். மனைவி கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறவர். ஆனால் வண்டி கிளம்பியதிலிருந்து, "பாத்து, பாத்து... லெஃப்ட்ல ஆட்டோ... பிரேக், பிரேக்!" தனியாக என்னோடு பாலக்கரை நெரிசலில் ஓட்டிய மனைவி, காலியான சாலையில் இரண்டு முறை ஆஃப் செய்தார்.

வண்டியை நிறுத்தி, "சார், நீங்க எந்த வயசுல ஓட்டினீங்க?" என்று கேட்டேன்.

"மாமா வண்டி ஒண்ணு வீட்டுல நிக்கும். பன்னெண்டு, பதிமூணு வயசுல வாசல்ல முன்ன பின்ன எடுப்பேன். ஒருதடவை திண்ணையிலயே இடிச்சிருக்கேன்."

"யாராச்சும் திட்டினாங்களா?"

யோசித்துவிட்டுச் சிரித்தார். "தாத்தா, பையன் தேறிட்டான்னாரு."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார்: "போன தீபாவளிக்குக் கேட்டுல லேசா உரசினேன். இன்னும் சொந்தக்காரங்க வந்தா அந்தக் கோட்டைத்தான் காட்டுறீங்க." மனுஷருக்கு முகம் மாறிவிட்டது. மீதி வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. வண்டி ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை.

பதின்மூன்று வயதில் இடித்துப் பழக ஒருவனுக்குத் திண்ணை கிடைக்கிறது. முப்பத்தெட்டு வயதில், பிள்ளை குட்டியோடு, இ.எம்.ஐ. கட்டும் வண்டியில், ஒரு கோடுகூட விழாமல் கற்றுக்கொள் என்று இன்னொருத்தியிடம் சொல்கிறோம். நாட்டில் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை என்று மத்திய அரசின் 2019–20 புள்ளிவிவரம் சொல்கிறது. அந்த ஏழிலும் பல உரிமங்கள் பீரோவில் சேலைக்கு அடியில் தூங்குகின்றன என்பது என் அனுபவம்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்டெப்னி மாற்றும் பாடம். ஜாக்கி வைக்கும் இடம், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை லூஸ் செய்வது. வந்திருந்த நான்கு பேரும் மாற்றினார்கள். காய்கறிக் கடை அக்கா மூட்டை தூக்கிய கை, யாரைவிடவும் சீக்கிரம் முடித்துவிட்டார். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033, பெண்களுக்கான உதவிக்கு 181. இரண்டையும் அங்கேயே போனில் பதியச் சொன்னேன். ராத்திரி வண்டி நின்றால் என்ன செய்வது என்ற பயத்துக்கு, தைரியமாக இரு என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜூலை 10, புதன்

இன்று டெஸ்ட். எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழிந்த மூன்று பேரை அழைத்துப் போனேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் அமைதியான ஆள். "மெதுவா எடுங்கம்மா, அவசரமே இல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்குக் கோடி புண்ணியம். வங்கி ஊழியரும் அக்காவும் தேறினார்கள். கல்லூரிப் பெண் சிக்னல் போடாமல் திரும்பிவிட்டாள், மறுபடி வர வேண்டும். அழுவாள் என்று நினைத்தேன். "அடுத்த வாரம் யாரு என்கூட வர்றீங்க?" என்று மற்ற இருவரையும் கேட்டாள். அக்கா, கடைக்கு ஆளை வைத்துவிட்டு வருகிறேன் என்றார்.

வங்கி ஊழியரிடம் கிளம்பும்போது கேட்டேன்: "வண்டிக்கு ரெண்டாவது சாவி எங்க இருக்கு?"

"அவர் பீரோவுல."

"அதை இன்னைக்கே வாங்கி உங்க பையில போட்டுக்கங்க."

லைசென்ஸ் வாங்கியபின் தொடர்ந்து ஓட்டுகிறவர்கள் யார் என்று இத்தனை வருஷமாகப் பார்த்துவருகிறேன். திறமையைவிட சாவிதான் அதைத் தீர்மானிக்கிறது. சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், எங்கே, எதற்கு, யாரோடு, நான் கொண்டுவிடட்டுமா என்று நான்கு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட ஆட்டோ சுலபம். இரண்டு மாதம் ஓட்டாமல் இருந்தால் கால் மறந்துவிடும், பயம் பழையபடி வந்துவிடும்.

ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தார். சாவி கிடைத்துவிட்டது. நாளை வங்கிக்கு வண்டியில்தான் போகப்போகிறாராம். கணவர் கூட வருகிறேன் என்றாராம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "மேடம், சாயங்காலம் அஞ்சரைக்கு ஜங்ஷன் பக்கம் நெரிசலா இருக்குமே, எந்த வழியா வரட்டும்?" என்று கேட்டார். மன்னார்புரம் வழியைச் சொல்லியிருக்கிறேன். சுற்றுத்தான், ஆனால் மேடு கிடையாது.