கோடி அற்புதரின் கல்லறையைத் தொட ஒரு வார இறுதி

நேர்ச்சை அம்மாவுடையது. அதைச் செலுத்த நடக்கிற கால்கள் பிள்ளையுடையவை. ஜெர்மனியிலோ பிரான்சிலோ மேற்படிப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கடன் உண்டு. விசா கிடைத்தால், அரியர் இல்லாமல் முடித்தால், இத்தாலியின் பதுவைக்கே போய்க் கோடி அற்புதரான புனித அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டுவரச் சொல்கிறேன் என்று புளியம்பட்டியிலோ உவரியிலோ கச்சத்தீவிலோ உள்ள அந்தோனியார் ஆலயத்தில் முழங்காலில் நின்று சொல்லிவைத்திருப்பார்கள். கூட வருகிற நண்பர்களுக்கோ வெனிஸ் வேண்டும், கோண்டோலாப் படகு வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருப்பது ஒரே சனி, ஞாயிறு.

அதனால் முதல் வேலையாகத் தங்குமிடத்தைப் பதுவையில் போடுங்கள். வெனிசுக்குப் பகலில் போய்வந்தால் போதும். விரைவு ரீஜனல் ரயிலில் அரை மணி நேரம்தான். நின்று நின்று போகிற வண்டியானால் முக்கால் மணி. வெனிசில் தங்கிவிட்டுப் பதுவைக்கு வருகிறவர்கள் பத்து மணிக்கு, சுற்றுலா பஸ்களோடு சேர்ந்து வந்து இறங்குகிறார்கள். அந்நேரம் கல்லறையருகே கொடி பிடித்த வழிகாட்டிகளுக்குப் பின்னால் நிற்பதற்கே நேரம் போய்விடும். பதுவையில் அறை வாடகையும் குறைவு. அந்தோனியார் ஏழை மாணவர்களைக் கைவிடுவதில்லை.

மலிவு விமான டிக்கெட் எடுக்கிறவர்கள் ஊர்ப்பெயரைக் கவனிக்க வேண்டும். வெனிஸ் என்று போட்டு ட்ரெவிசோவில் இறக்குகிற விமானங்கள் உண்டு. அது வேறு ஊர். அங்கிருந்து வெனிசை ஒட்டிய மெஸ்த்ரேவுக்கு பஸ் பிடித்து, மெஸ்த்ரேவில் பதுவை ரயில் ஏறலாம். ரயில் நிலையப் பலகையில் ஊர்ப்பெயர் ‘பாதோவா’ என்றிருக்கும். ரீஜனல் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு எந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுகிற மாணவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேலையை மறந்தவர்கள்.

நிலையத்திலிருந்து ஆலயம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். நடக்கலாம், டிராமில் தெற்கே போனால் ‘சாந்தோ’ நிறுத்தம். பதுவைக்காரர்கள் அந்தோனியார் பெயரைச் சொல்வதில்லை. ‘இல் சாந்தோ’, அதாவது ‘புனிதர்’, அவ்வளவுதான். ஆலயத்துக்கும் அதே பெயர். வழி கேட்கவும் அந்த ஒரு சொல் போதும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குள் கதவு திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கோடையில் அரைக்கால் சட்டையோடு வருகிற நண்பரிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் எட்டுக் குவிமாடங்களை அண்ணாந்து பார்க்கத் தோன்றும். அது பிறகு. இடப்பக்கம் வெண்பளிங்கு வளைவுகளோடு இருப்பதுதான் கல்லறைச் சிற்றாலயம். பீடமே கல்லறை. சுற்றுச்சுவரில் அவருடைய புதுமைகள் ஒன்பது பளிங்குச் சிற்பங்களாக நிற்கின்றன. செத்துப்போன கருமியின் நெஞ்சில் இதயம் இல்லாமல், பணப்பெட்டியில் கிடந்த கதையும் அவற்றில் ஒன்று.

படியேறிப் பீடத்தின் பின்பக்கம் போனால் கரும்பச்சைப் பளிங்குப் பலகை. நூற்றாண்டுகளாகக் கைபட்டுக் கைபட்டு வழவழத்த பலகை. கையை வைத்தால் முதலில் குளிர்ச்சி. அடுத்து உங்கள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருப்பது தெரியும். போலந்துப் பாட்டியாக இருக்கும், கேரளத்து நர்ஸாக இருக்கும், நீர்கொழும்பிலிருந்து வந்து இங்கே வீட்டுவேலை செய்கிற அம்மாவாக இருக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த மன்றாட்டு மாலை அங்கே தொண்டைக்கு மேல் வராது. வராவிட்டால் போகட்டும். நெற்றியை அந்தக் கல்லில் சாய்த்து, நேர்ந்துகொண்டவரின் பெயரைச் சொல்லுங்கள். அம்மா பெயர், அம்மம்மா பெயர், வீட்டில் நோயாகக் கிடக்கிறவர் பெயர், ஆலயத்துக்கு வெளியே காபி குடித்துக்கொண்டிருக்கும் நண்பன் பெயர். காலை ஏழு மணிக்கு அங்கே யாரும் நகரச் சொல்லமாட்டார்கள். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். கோடி அற்புதரே, எங்கள் வீட்டு அடுப்படிப் படத்தில் பாலனை ஏந்தி நிற்கிறவரே, உம்முடைய எலும்பு இந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நினைத்தாலே கைநடுங்குகிறது. தோத்திரம், கோடி தோத்திரம்.

கல்லறையின் இரு பக்கமும் போட்டோக்கள் குவிந்திருக்கும்: குழந்தைகள், கல்யாணங்கள், நொறுங்கிய கார்கள். நம் ஆலயங்களில் வெள்ளித்தகட்டில் கையும் காலும் தொங்குகிற இடம் போல. வீட்டார் எழுதித் தந்த விண்ணப்பத்தைத் தமிழிலேயே வைத்துவிடலாம். அவர் லிஸ்பனில் பிறந்தவர். இத்தாலி அவருக்கும் அந்நிய தேசம்தான். மொராக்கோவில் விசுவாசத்துக்காக உயிர்விடும் வேதசாட்சியாக விரும்பிப் போய், காய்ச்சலில் விழுந்து, திரும்புகையில் புயல் கப்பலை சிசிலியில் ஒதுக்கியதால் 1221-இல் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். நினைத்த இடம் ஒன்று, வந்து சேர்ந்த இடம் வேறு என்றிருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் எவர்?

அடுத்து, பெரிய பீடத்துக்குப் பின்னால், புனிதரின் உடற்பகுதிகளைப் பாதுகாக்கிற திருப்பண்டச் சிற்றாலயம். கூட்டம் சேருமுன் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒருவர் பின் ஒருவராகப் படியேற வேண்டும். நடுவில் நிற்க முடியாது. பொன் கூட்டினுள் இருப்பது பெரிய பிரசங்கியான அவருடைய நாக்கு. அவர் இறந்தது 1231 ஜூன் 13. ஓராண்டுகூட ஆகுமுன், 1232 மே 30 அன்று, புனிதர் பட்டம். 1263-இல் புது ஆலயத்துக்கு மாற்றக் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருந்தது, நாக்கு அழியாதிருந்தது. அருகிலிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் புனித பொனவெந்தூர் அதைக் கையிலெடுத்துப் புகழ்ந்தார். 1981-இல் மறுபடி திறந்து பார்த்தவர்கள் குரல்வளைப் பகுதியையும் கண்டார்கள். ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லி நிற்க வேண்டிய பிள்ளைகள் இந்தப் படியில் என்ன கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அவருடைய தாடை எலும்பும் தனிக் கூட்டில் உண்டு. 1991 அக்டோபரில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அதைக் கொள்ளையடித்துப் போனார்கள். டிசம்பரில் ரோம் பக்கத்தில் கிடைத்தது. தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர் தன்னுடையதையும் மீட்டுக்கொண்டார் என்று சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்கும்போது பாஸ்போர்ட் பத்திரமா என்று பையைத் தொட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆலயத்தை ஒட்டிய மடத்து முற்றத்தில் பெரிய மக்னோலியா மரம் நிற்கிறது. அந்தப் பக்கம் மந்திரிப்பு அறை. வாங்கிய செபமாலை, படம், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் சுவாமியிடம் காட்டினால் மந்திரித்துத் தருவார். ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் மந்திரிக்கக் கேட்பதானால் புட்டி நூறு மில்லிக்குள் இருக்கட்டும். கைப்பை மட்டும் கொண்டுபோகிறவரிடம் பெரிய புட்டி இருந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். வாசல் சதுக்கத்துக் கடைகளில் முதல் கடையிலேயே வாங்காதீர்கள். ஒரே பெட்டியிலிருந்து வந்த அதே செபமாலை நாலு கடை தள்ளி நாலு விலை. ‘மந்திரித்தது’ என்று சொல்லி விற்றாலும் மந்திரிப்பு உள்ளேதான் நடக்கிறது.

அப்ப நேர்ச்சையை அங்கேயே செலுத்தலாம். குழந்தை பிழைத்தால் அதன் எடைக்கு எடை ஏழைகளுக்கு அப்பம் தருவதாக ஒரு தாய் நேர்ந்ததிலிருந்து வந்த வழக்கம் அது என்பார்கள். நம்மூரில் எடைக்கு எடை உப்பும் வெல்லமும் கொடுக்கிற அதே மனசு. ஏழைகளுக்கான அப்பக் காணிக்கைப் பெட்டி ஆலயத்தில் இருக்கிறது. ரொட்டி வாங்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை வர முடியவில்லையே என்று வீட்டில் குறைப்படுவார்கள். அவரை அடக்கம் பண்ணியது ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலிருந்துதான் செவ்வாய் நவநாளே. சனிக்கிழமை வந்தவர்களையும் அவர் திருப்பி அனுப்புவதில்லை.

பகலில் நண்பர்களுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஓவியர் ஜொத்தோ சுவரெங்கும் வரைந்த ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்துக்கு முன்பதிவு கட்டாயம். கதவுக்கு முன்னால் கால்மணி நேரம் காற்றுச் சமநிலைக்காக உட்காரவைத்து, பிறகு உள்ளே கால்மணிதான். தாமதமாகப் போனால் டிக்கெட் வீண். 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். கலிலேயோ 18 ஆண்டு பாடம் எடுத்த இடம். பிராத்தோ தெல்லா வாலே சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை. பழம் அங்கே மலிவு. அதன் ஓரத்தில் சாந்த ஜுஸ்தீனா ஆலயம், அதனுள் நற்செய்தியாளர் லூக்காவின் கல்லறை. இவ்வளவு பெரியவரிடம் ஆளே இருக்கமாட்டார்கள். தனியாக நின்று செபிக்கலாம். ஆனால் இந்த ஆலயம் மதியம் மூடிவிடும், மூன்று மணிக்கு முன் போய்ப் பலனில்லை.

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுதல், பண்ண நினைப்பவர்கள் புனித லெயோபோல்து மடத்துக்குப் போகட்டும். நாலரை அடி உயரத்துக் கப்புச்சின் சுவாமி. வாழ்நாளெல்லாம் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டவர். 1944 குண்டுவீச்சில் ஆலயமும் மடமும் இடிந்தன, அந்த அறை நின்றது. இன்றும் பார்க்கலாம்.

மாலையில், அதே டிராமில் எதிர்த் திசையில் ஆர்செல்லா. சாகக் கிடந்த அந்தோனியார் பதுவையில் கண்மூட ஆசைப்பட்டார். கம்போசாம்பியேரோவிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். நகரத்துக்குள் நுழையுமுன் இந்த ஆர்செல்லாவிலேயே உயிர் பிரிந்தது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வாழ்கிற பேட்டை. சுற்றுலாக்காரர் யாரும் வருவதில்லை. ஆசைப்பட்ட ஊருக்கு எட்டாமல் போனவரின் அறைக்கு முன்னால் நிற்கையில் சொல்ல வார்த்தை இல்லை, சுவாமி. எங்களை மட்டும் இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தீரே.

ஞாயிறு வெனிஸ். ரயில் நிலையத்தின் பெயரே சாந்தா லூச்சியா. நிலையம் கட்ட, கண்நோய்க்கு வேண்டிக்கொள்கிற புனித லூசியம்மாளின் ஆலயத்தை 1861-இல் இடித்தார்கள். திருவுடல் ஐந்து நிமிட நடையில் உள்ள சான் ஜெரெமியா ஆலயத்துக்குப் போயிருந்தது. நிலையத்தைவிட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் போதும். கண்ணாடிப் பேழையில் முகத்துக்கு வெள்ளிக் கவசம். பின்னாளில் பாப்பரசரான இருபத்துமூன்றாம் அருளப்பர் வெனிஸ் ஆயராயிருக்கையில் 1955-இல் போட்டது. கண் நேர்ச்சை உள்ளவர்கள் வெனிசில் முதலில் நிற்க வேண்டியது இங்கேதான். நிலையத்திலிருந்து கொட்டுகிற கூட்டமெல்லாம் இந்த வாசலைத் தாண்டி ரியால்தோ பாலத்துக்கு ஓடும். உள்ளே ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

சான் மார்க்கோ பேராலயத்தில் ஞாயிறு காலை பூசைக்கும் செபத்துக்கும் வருபவர்களைப் பக்கவாசல் வழியாகக் கட்டணமின்றி விடுகிறார்கள். சும்மா பார்க்க வருபவர்களுக்குப் பிற்பகலில்தான். சதுக்கத்தில் ரோஜாவைக் கையில் திணிப்பவர், மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பவர், கையெழுத்துப் பலகை நீட்டுபவர் எல்லாரும் உண்டு. கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பதே மருந்து. படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். படகு பஸ்ஸில் ஒருமுறை ஏற 9.50 யூரோ. கோண்டோலா பகலில் அரை மணிக்கு 90 யூரோ, ஐந்து பேர் வரை. ஐந்தாகப் பிரித்தால் தாங்கும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் ‘கொப்பேர்த்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் ஏறும், அது ஏமாற்று அல்ல, ஊர் வழக்கம். காபியை நின்றுகொண்டே குடித்துவிடுங்கள்.

மாலையில் வெனிசிலிருந்து புறப்படும் ரயில்கள் நெரியும். ஆறு மணிக்கு முன் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். ஊரில் இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும், அம்மா தூங்கியிருக்கமாட்டார். தொட்டாச்சா என்று மட்டும் கேட்பார்.